சொந்தமாக மாடல் ராக்கெட் கட்டுபவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

கிட் வாங்காமல், காகிதக் குழாயும் பால்சா என்ற லேசான மரப்பலகையும் வைத்து வீட்டிலேயே ராக்கெட் கட்டுகிறவர்கள் இப்போது நிறைய. சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொருவரும், எங்களில் பலர் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. பசை நன்றாகக் காயட்டும், ஃபின்களை (வாலில் ஒட்டும் இறக்கைத் தகடுகளை) நேராக ஒட்டுங்கள் என்பதை எல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

## மோட்டார் போடாமல் சமநிலை பார்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைப்பது இதுதான், அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், அழுத்த மையத்தைவிட (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியைவிட) மூக்குப் பக்கமாக, குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும் காற்று வாலைத் தள்ளி நேராக்கும். இரண்டும் இடம் மாறினால் அதே காற்று சாய்வைக் கூட்டிவிடும். இது கட்டுகிறவர்களில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க 1960களில் ஜேம்ஸ் பாரோமன் தந்த சமன்பாடுகள் இருக்கின்றன, ஓப்பன்ராக்கெட் போன்ற மென்பொருள் நொடியில் கணக்குப் போட்டுவிடும். சிக்கல் ஈர்ப்பு மையத்தில்தான். திரையில் தெரிவது நீங்கள் வரைந்த ராக்கெட்டின் மையம், மேசைமேல் கிடக்கும் ராக்கெட்டுடையது அல்ல. ஃபின் அடியில் விரலால் இழுத்துவிட்ட பசை, இரண்டு மூன்று கோட் பெயின்ட் எல்லாம் வரைபடத்தில் பெரும்பாலும் இருக்காது. அந்த எடையில் பெரும்பங்கு போய்ச் சேருவதும் வாலில்தான்.

அதற்கு மேல் மோட்டார். ஒரு கணக்கைப் பாருங்கள். நீளம் 400 மி.மீ., குழாய் விட்டம் 25 மி.மீ., காலி எடை 45 கிராம். காலியாக வைத்துப் பார்த்தால் ஈர்ப்பு மையம் மூக்கு நுனியிலிருந்து 210 மி.மீ.; அழுத்த மையம் 280-இல். இடைவெளி 70 மி.மீ., கிட்டத்தட்ட மூன்று விட்டம், அருமை என்று தோன்றும். இப்போது 18 மி.மீ. விட்டமுள்ள சி வகை மோட்டாரைப் போடுங்கள். சுமார் 25 கிராம், அதன் நடுப்பகுதி 365-இல் உட்காரும். மொத்த ஈர்ப்பு மையம் 265-க்கு இறங்கிவிடும். மிச்சம் 15 மி.மீ. மட்டும், ஒரு விட்டம்கூட இல்லை.

ஒரு பையன் கொண்டுவந்த ராக்கெட்டில் நடந்தது இதேதான். பின்பக்கம் சாய்வாக வெட்டிய ஃபின்கள், கண்ணாடி மாதிரி பெயின்ட், அவ்வளவு அழகு. ஏவும் கம்பியான ராடை விட்டுச் சில மீட்டர் ஏறியதுமே தலைகீழாகச் சுழன்றது, பிறகு புல்லை ஒட்டிக் கிடையாகச் சீறிக்கொண்டு நாங்கள் நின்ற பக்கமே வந்தது. யார்மீதும் படவில்லை. மூக்கு நொறுங்கி, குழாய் மடங்கிப் போயிருந்தது. "மோட்டார் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன். "பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே பார்த்தேன் அண்ணா, சரியாத்தான் இருந்தது" என்றான். பல வார உழைப்பு. மோட்டாரைப் போட்டு ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் பிழைத்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயின்ட் காய்ந்த பிறகு, பாராசூட்டை மடித்து வைத்து, வாடிங் (பாராசூட்டைச் சூட்டிலிருந்து காக்கும், தீப்பற்றாத தாள்) வைத்து, பறக்கப்போகிற அதே வகை மோட்டாரையும் போட்டு, ஒரு ஸ்கேலின் விளிம்பில் ராக்கெட்டைக் கிடத்துங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், தராசில் எடையும் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் மென்பொருளில் ஏற்றி, அது சொன்னதன் இடத்தில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கோட்டில் நூல் கட்டி டேப் ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் நூலில் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் சரி. இது கொஞ்சம் கடுமையான சோதனை, நல்ல ராக்கெட்டும் சில நேரம் இதில் தோற்கும். ஆனால் இதில் தேறியதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம்.

இடைவெளி போதவில்லை என்றால் ஃபினைப் பெரிதாக்க ஓடாதீர்கள், அதுவும் வாலில்தான் எடை ஏற்றும். மூக்குக்குள் களிமண் வையுங்கள். மேலே சொன்ன கணக்கில், நுனியிலிருந்து 50 மி.மீ. தள்ளி 10 கிராம் வைத்தால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 27 மி.மீ. முன்னேறிவிடும். பெரிய மோட்டாருக்கு மாறினால் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். 24 மி.மீ. டி மோட்டார் 40 கிராமைத் தாண்டும்.

## பால்சாவின் நார்த்திசை

நார் ஃபினின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால் தரையில் இறங்கும்போது ஃபின் அடியோடு முறியும்.

## குட்டையான ஷாக் கார்டு

பாராசூட்டை வெளியே தள்ள மோட்டாருக்குள் இருக்கும் வெளியேற்று மருந்து வெடித்ததும் மூக்கு வேகமாகப் பறக்கும், அதை உடலோடு பிணைக்கும் ஷாக் கார்டு என்ற கயிறு குட்டையாக இருந்தால் சுண்டித் திரும்பிவந்து குழாயையே அடிக்கும். மெல்லிய நூலாக இருந்தால் குழாயின் வாயை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். உடலின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு விடுங்கள். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

## மோட்டார் பெயரின் கடைசி எண்ணைக் கவனிக்காதது

சி6-5 என்றால் 'சி' மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கியது (5 முதல் 10 நியூட்டன்-வினாடி), 6 சராசரி உந்துவிசை நியூட்டனில், 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளிவரும் வரையுள்ள வினாடிகள். கனமான ராக்கெட்டுக்கு நீண்ட தாமதம் போட்டால் பாராசூட் திறப்பதற்குள் அது தலைகீழாக விழத் தொடங்கியிருக்கும். சி6-0 இரண்டடுக்கு ராக்கெட்டின் கீழடுக்குக்கானது, அதில் வெளியேற்று மருந்தே கிடையாது. எண்ணைப் பார்க்காமல் ஒற்றை அடுக்கில் போட்டால் பாராசூட் வெளியே வரவே வராது.

## வாடிங் இல்லாமல் பாராசூட்

உருகிய பிளாஸ்டிக் உருண்டைதான் கீழே வரும்.

## உலோக மூக்கு, உலோக ஃபின்

வேண்டாம். காகிதம், மரம், பிளாஸ்டிக் போதும்.

## மோட்டாரையும் வீட்டிலேயே செய்வது

"எல்லாம் சொந்தமாகச் செய்தேன், இது மட்டும் ஏன் வாங்கணும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே இதற்காகத்தான். 1950களில் அமெரிக்காவில் பிள்ளைகள் குழாய்களில் மருந்து அடைத்துக் கை விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். ஆர்வில் கார்லைல் ஆயத்த மோட்டாரில் பறக்கும் சிறிய ராக்கெட் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். 1957-இல் அது ராக்கெட் பொறியாளரும் எழுத்தாளருமான ஜி. ஹாரி ஸ்டைனின் கைக்கு வந்தது, அவர் அதைப் பலரிடமும் கொண்டுசேர்த்தார். குழாய், மூக்கு, ஃபின், பாராசூட் எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். மோட்டாரை மட்டும் வாங்குங்கள்.

## பற்றாத ராக்கெட்டை நோக்கி ஓடுவது

பட்டனை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், முதலில் கன்ட்ரோலரின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். 60 வினாடி நில்லுங்கள். அப்புறம் கிட்டே போங்கள்.