நெல்லு கிராஸ்ல நல்ல செடிய எப்படி பொறுக்கணும்

ரெண்டு ரகத்த கிராஸ் பண்ணி எஃப்2 (கிராஸுக்கு பிறகு வர்ற ரெண்டாம் தலைமுறை, எஃப்3, எஃப்6னா மூணாவது, ஆறாவது) வயல் போட்டவங்க செய்யுற பெரிய தப்பு, மணி எடை கூட வந்த செடிய மட்டும் எடுத்துக்கிடுறது. விளைச்சல் ஒரு ஜீன் சமாச்சாரம் இல்ல, பல ஜீனும் மண்ணும் தண்ணியும் சேர்ந்தது, வரப்போரம் நின்ன செடிக்கு வெயிலும் இடமும் கூட கிடைச்சு தூர் நெறைய வச்சிருக்கும், அதோட விதைய நடுவயல்ல போட்டா சாதாரணமாத்தான் நிக்கும். அதனால ஓரத்து ரெண்டு வரிசைய தொடவே தொடாதீங்க.

உயரம், பூக்குற நாள் இதெல்லாம் பிள்ளைக்கு நல்லா இறங்கும், எஃப்2லயே பாத்து கழிச்சிரலாம். நெட்டையையும் அரைக்குட்டையையும் சேத்தா பெரும்பாலும் நாலுல ஒண்ணுதான் குட்டையா வரும், ஆனா அந்த குட்டை பிறகு நெட்டையா மாறாது. நம்ம நாஞ்சில் நாட்டுல கன்னிப்பூ (முதல் போகம்) அறுப்பு மழையில மாட்டுனா நெட்டை சாஞ்சு கதிர்லயே முளைச்சிரும், அதனால குட்டைய விட்டுக்கொடுக்காதீங்க.

கதிர கையில எடுத்து அடிப்பக்கத்து மணிய நகத்தால அமுக்கி பாருங்க, பதர்னா தட்டையா போகும், மேல மட்டும் நிறைஞ்ச கதிர நம்பாதீங்க.

பொறுக்குன செடி ஒவ்வொண்ணையும் தனி கவர்ல போட்டு நம்பர் எழுதுங்க, ஒண்ணா கொட்டிட்டா எந்த அம்மைக்கு எந்த பிள்ளைன்னு தெரியாது. எஃப்3ல கவருக்கு ஒரு வரிசை நட்டு வரிசையோட சராசரிய பாருங்க. தலைமுறைக்கு கலப்பு (ஒரு ஜீனோட ரெண்டு நகலும் வேற வேறயா இருக்குறது) பாதியா குறையும், எஃப்2ல 50 சதம்னா எஃப்6ல 3 சதம்தான். விளைச்சல அப்பதான் அளக்கணும், மூணு இடத்துல திருப்பி நட்டு, பக்கத்துலயே ஒப்பிட்டு பாக்க அம்பை 16 இல்லன்னா திருப்பதிசாரம் 5 மாதிரி தெரிஞ்ச ரகத்த வச்சு.