கழுத்துத் தமனி அடைப்பு: அறுவைச் சிகிச்சையா, ஸ்டென்டா என்று முடிவெடுப்பது எப்படி?

ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோலப் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்பினாலோ, கையில் பிடித்திருந்த டம்ளர் நழுவி, பேச்சு குழறி, பிறகு எல்லாம் சரியாகிவிட்டாலோ, சரியாகிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவை கழுத்துத் தமனி அடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி, கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பு படிந்து சுருங்குகிறது. அந்தப் படிவிலிருந்து பெயரும் துணுக்குகள் மூளையின் ரத்தக் குழாய்களை அடைப்பதே, இந்தச் சுருக்கம் பக்கவாதத்தைக் கொண்டுவரும் முக்கிய வழி.

ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் அடைப்பின் அளவு சதவீதமாகத் தெரியும். சிகிச்சைக்கு முன் அதைப் பெரும்பாலும் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதி செய்வார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அறிகுறி வந்ததா என்பதே முதல் கேள்வி. அறிகுறி வந்து, அடைப்பு 70 முதல் 99 சதவீதம் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 2 ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு 26 சதவீதமாக இருந்ததையும், அறுவைச் சிகிச்சை அதை 9 ஆகக் குறைத்ததையும் 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. 50 முதல் 69 வரை பலன் குறைவு; 50க்குக் கீழே பலன் இல்லை; முழுவதும் மூடிவிட்ட தமனியைப் பொதுவாகத் திறப்பதில்லை. அறிகுறியே இல்லாமல் பரிசோதனையில் தெரிந்த அடைப்பு என்றால், ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து), ஆஸ்பிரின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவையே பலருக்குப் போதும் என்பதால், அவசரப்படாமல் இரண்டாவது கருத்தும் கேட்கலாம். அறிகுறி வந்தவருக்கோ அந்த அவகாசம் இல்லை: 2 வாரங்களுக்குள் சிகிச்சை முடிந்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

அறுவைச் சிகிச்சையில் கழுத்தைத் திறந்து, தமனியில் ரத்த ஓட்டத்தைக் கவ்வியால் சிறிது நேரம் நிறுத்தி, படிவை உரித்தெடுத்துத் தைக்கிறார்கள். கழுத்தை மட்டும் மரக்கச் செய்து நடத்தும்போது, சில இடங்களில் அறுவை நடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் ஒலியெழுப்பும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து, அவ்வப்போது அழுத்தச் சொல்வார்கள். ஒலி வந்தால் மூளைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறது என்று பொருள். ஸ்டென்ட் முறையில் பெரும்பாலும் தொடை வழியே குழாயைச் செலுத்தி, சிதறும் துணுக்குகளைப் பிடிக்கச் சிறு வடிகட்டியை விரித்து, ஸ்டென்ட் எனும் வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். 2010இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1 சதவீதம், அறுவையில் 2.3, மாரடைப்பு ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3. சுமார் 70 வயதைக் கடந்தவர்களுக்கு அறுவையே மேல் என்று கொள்ளலாம். முன்பு கழுத்தில் கதிர்வீச்சோ அறுவையோ நடந்திருந்தாலும், இதயம் மிகவும் பலவீனமாக இருந்தாலும் ஸ்டென்ட் பொருத்தமாகலாம்.

மருத்துவரிடம் தயங்காமல் ஒன்றைக் கேளுங்கள்: "உங்கள் கையில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது?" அறிகுறி வந்தவர்களில் அது 6 சதவீதத்துக்கும், வராதவர்களில் 3 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரலும் குறைந்தது 4 வாரங்கள் தேவை. மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வீடு திரும்பிய பின் கழுத்து வீங்கி மூச்சுத் திணறினாலோ, ரத்த அழுத்தம் உயர்ந்து ஒரே பக்கமாகக் கடும் தலைவலி வந்தாலோ, அது இரவாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.