பிக்கப் வண்டிக்குக் கூடுதல் ரிவர்ஸ் லைட்: ஒயரிங் போடும் முறை

பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி லோடு வண்டிகளில் ரிவர்ஸ் லைட்டுக்கு வழக்கமாக வருவது 21 வாட் பல்பு. தெருவிளக்கு இருக்கும் ஊருக்குள் அது போதும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குத் தோட்டத்து வரப்போரம் தக்காளிப் பெட்டி ஏற்றப் பின்னால் எடுக்கும்போதோ, தார்ப்பாய் கட்டி உள்கண்ணாடியில் எதுவுமே தெரியாதபோதோ அந்த மஞ்சள் வெளிச்சம் ஒன்றுக்கும் உதவாது. அதனால் பலரும் இரண்டு எல்இடி விளக்கு வாங்கி, பின்விளக்கில் போகும் ரிவர்ஸ் ஒயரிலேயே முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு எரியும். பிரச்சினை பிறகுதான் வரும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் கியர் போட்டதும் கியர்பாக்ஸில் உள்ள சின்ன சுவிட்ச் ஒன்று சேர்ந்து, அதன் வழியாகத்தான் பின்னால் கரண்ட் போகிறது. இரண்டு 21 வாட் பல்பு என்றால் 12 வோல்ட்டில் ஏற்கெனவே 3.5 ஆம்பியர், அதோடு பஸ்ஸர் வேறு. அதன்மேல் 18 வாட் விளக்கு இரண்டைச் சேர்த்தால் இன்னொரு 3 ஆம்பியர், அதாவது சுவிட்சும் ஒயரும் சுமப்பது கிட்டத்தட்ட இரட்டிப்பு. சுவிட்சின் முனை கருகும், ஃபியூஸ் போகும். பல வண்டிகளில் அந்த ஃபியூஸிலேயே வேறு சில விஷயங்களும் ஓடுவதால், ரிவர்ஸ் லைட்டோடு சேர்ந்து அவையும் நின்றுவிடும். எனவே கம்பெனி ரிவர்ஸ் ஒயரிலிருந்து எடுக்க வேண்டியது சிக்னல் மட்டும்தான். விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சின்னக் கரண்ட் வந்ததும் பெரிய கரண்ட்டைச் சேர்த்துவிடும் சுவிட்ச்) வழியாகத் தனியாக வரட்டும். ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான், அது கம்பெனி ஒயரிங்குக்குத் தெரியவே தெரியாது.

வாங்க வேண்டியவை: தண்ணீர் புகாத, ஐபி67 என்று போட்ட எல்இடி விளக்கு இரண்டு, 12 வோல்ட் ரிலே ஒன்று சாக்கெட்டோடு, பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், 10 ஆம்பியர் ஃபியூஸ் (சிவப்பு நிறம்), 1.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயர், சிக்னலுக்கு 0.75 ஒயர், ஃபிளெக்ஸிபிள் பைப், கறுப்பு கேபிள் டை, லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது), ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்). விளக்கு வாங்கும்போது வெளிச்சம் அகலமாகப் பரவும் வகையைக் கேளுங்கள். தூரத்துக்குக் குறுகலாக அடிக்கும் வகை பின்னால் எடுப்பதற்கு உதவாது, நமக்கு வேண்டியது வண்டிக்குப் பின்னால் நாலைந்து மீட்டர்தான். நிறம் வெள்ளை மட்டும். பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்பவும் வேண்டாம், மலிவு விளக்குகள் சொல்வதில் பாதிகூட இழுக்காது. மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து ஒருமுறை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் ரிவர்ஸ் ஒயரைக் கண்டுபிடிக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின்விளக்கின் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப்பின் (கரண்ட் வந்தால் எரியும் சோதனை விளக்கு) கிளிப்பை நல்ல எர்த்தில் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டி இரும்பு) மாட்டிவிட்டு ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள். கியர் போட்டால் எரிந்து, எடுத்தால் அணைவதுதான் நம்ம ஒயர். பிரேக், இண்டிகேட்டர், பார்க் லைட் மூன்றையும் போட்டுப் பார்த்து அவற்றுக்கு இது எரியவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். ஒயர் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும், பழைய வண்டியில் யாரோ எப்போதோ மாற்றியும் இருப்பார்கள். இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த ஒயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும், லேம்ப் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அது தெரிந்ததும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்பது பேட்டரி பாசிட்டிவ், நடுவில் ஃபியூஸ் வைத்து. 87 விளக்குகளுக்குப் போவது. 86-இல் ரிவர்ஸ் சிக்னல், 85-இல் எர்த். அவ்வளவுதான் மொத்த சர்க்யூட்டும். ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுக்காலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 87ஏ என்றிருந்தால் ரிலே சும்மா இருக்கும்போதெல்லாம் அந்தக் காலில் பேட்டரி கரண்ட் நிற்கும், விளக்கைத் தெரியாமல் அதில் கொடுத்தால் எப்போதும் எரிந்துகொண்டு ரிவர்ஸ் போட்டால் அணையும். அதை விட்டுவிடுங்கள், எதுவும் உரசாதபடி மூடியும் வையுங்கள். காயில் அணையும் நொடியில் எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜ் துள்ளல் வரும், புது வண்டிகளின் எலக்ட்ரானிக்ஸுக்கு அது நல்லதல்ல, ஆகவே உள்ளேயே டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்த வகையில் 85, 86 இடம் மாறக் கூடாது. சாதா ரிலேதான் கிடைத்தது என்றால் ஒரு 1என்4007 டயோடை, கோடு போட்ட முனை 86 பக்கம் வருமாறு 85, 86 இரண்டுக்கும் குறுக்கே போட்டுக்கொள்ளலாம்.

ஃபியூஸ் விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், நடுவில் சேஸிஸில் ஒயர் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸ் எதையும் தடுக்காது, பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியரைத் தள்ளும், ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று 20, 30 போடுவதும் அப்படித்தான், காரணத்தைத் தேட வேண்டுமே தவிர ஃபியூஸைப் பெரிதாக்கக் கூடாது.

ரிலேயை பேட்டரி பக்கத்திலேயே, கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள், தண்ணீர் தேங்காது. பின்னாலிருந்து சிக்னல் ஒயர் முன்னால் வர வேண்டும், பவர் ஒயர் பின்னால் போக வேண்டும். இரண்டையும் ஒரே ஃபிளெக்ஸிபிள் பைப்பில் விட்டு சேஸிஸின் உள்பக்கமாகக் கொண்டுபோங்கள். சைலன்சர் இருக்கும் பக்கம் வேண்டாம். புரொபெல்லர் ஷாஃப்ட்டும் பின்பக்க ஸ்பிரிங் பட்டையும் ஆடும் இடத்தில் தொங்கவிடாதீர்கள், பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டவே கூடாது. தகரத்தில் ஓட்டை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில் கிரிம்ப் செய்து (உலோக இணைப்பை இடுக்கியால் நசுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். நம்ம ஊர் வெயிலில் இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே பசை உருகி வழுகிவிடும்.

எல்இடி மினுக்குகிறது, ஒரு பக்கம் மங்கல் என்று வரும் புகார்களில் முக்கால்வாசிக்கு எர்த்தான் காரணம். சேஸிஸில் ஒரு போல்ட் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, ரிங் லக்கோடு பல்வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். தொட்டியின் தகரத்தில் எர்த் எடுக்காதீர்கள். அது சேஸிஸோடு சேரும் இடத்தில் துருவும் ரப்பரும் இருக்கும், கரண்ட் திரும்பி வர வழி சரியாக இருக்காது.

விளக்கை எங்கே மாட்டுவது? இதில் பலரும் மறப்பது பின்கதவை. டிரில் எடுப்பதற்கு முன்னால் பின்கதவை முழுதாகக் கீழே இறக்கிப் பாருங்கள். தொங்கும் கதவு விளக்கை மறைக்கிறதா, மோதி உடைக்குமா என்று தெரிந்துகொண்டு, அதற்கு வெளியே பம்பருக்குக் கீழோ சேஸிஸ் முனையிலோ பிராக்கெட் வையுங்கள். நம்பர் பிளேட் மறையக் கூடாது. இரண்டு விளக்கையும் நேராகப் பின்னால் பார்க்க வைக்காமல் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால் பக்கக் கண்ணாடியில் பள்ளமும் கல்லும் நன்றாகத் தெரியும்.

கியர் போடாமலும் எரிய வேண்டும், இரவில் லோடு ஏற்ற வெளிச்சம் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. செய்யலாம், ஆனால் ரிவர்ஸ் சிக்னல் வரும் 86-இலேயே ஒரு சாதா சுவிட்ச் வழியாக 12 வோல்ட்டையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தக் கரண்ட் சிக்னல் ஒயர் வழியாகத் திரும்பி ஓடி கம்பெனி ரிவர்ஸ் லைட்டையும் எரிய வைக்கும், பஸ்ஸரும் கத்தும். மூன்று நிலை சுவிட்ச் வாங்குங்கள். நடுக்கால் 86-க்கு, ஒரு பக்கம் ரிவர்ஸ் சிக்னல், மறுபக்கம் சாவி ஆன் செய்தால் மட்டும் வரும் 12 வோல்ட், இதற்குத் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ். நடுவில் வைத்தால் எல்லாம் ஆஃப். இரண்டு கரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. சுவிட்சோடு ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருப்பது நல்லது, ஏனென்றால் இதை ஆன் செய்தபடியே ரோட்டில் ஏறினால் பின்னால் வரும் பைக்காரருக்குக் கண்ணே தெரியாது. போலீஸ் பிடிப்பதும் எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனை) கேள்வி வருவதும் அதற்கு அப்புறம்தான்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை மாட்டி, ஃபியூஸைக் கடைசியாகச் செருகுங்கள். ரிவர்ஸ் போட்டதும் 'டிக்' என்ற ரிலே சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக வர வேண்டும். சத்தம் வந்து வெளிச்சம் வராவிட்டால் 30, 87 பக்கமோ விளக்கின் எர்த்தோ, சத்தமே இல்லையென்றால் 85, 86 பக்கம் பாருங்கள். பிறகு, இருட்டியதும் காலி வண்டியை ஒரு சுவருக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் நிறுத்தி, வெளிச்சத்தின் பெரும்பகுதி சுவரைத் தொடுவதற்கு முன்பே தரையில் விழும்படி விளக்கைச் சாய்த்து முறுக்குங்கள். காலி வண்டி என்று சொல்வதற்குக் காரணம், லோடு ஏறினால் பின்பக்கம் இறங்கி வெளிச்சம் இன்னும் கீழேதான் போகும். லோடோடு சரிசெய்தால் காலியாகத் திரும்பும்போது அது எழும்பிப் பின்னால் நிற்பவர் முகத்தில் அடிக்கும்.