நடுவர் கையில் ஒட்டாத கவசம்: காமிக் கான் வேடப் போட்டிக்குத் தயாராவது எப்படி

போட்டிக்கு முந்தைய இரவு பெயிண்ட் அடித்த கவசம், மறுநாள் நடுவரின் விரலில் ஒட்டும். சூட்டில் உருக்கி ஒட்டும் குளூ கன் பசையில் நிற்கும் தோள்பட்டை, வெயிலில் நிறுத்திய காருக்குள்ளேயே இளகிக் கழன்றுவிடும். புதிதாக வேடம் கட்டுகிறவர்களைக் கவிழ்ப்பவை இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான். சின்ன வேடமாக எடுங்கள், பத்து நாள் முன்பே முடியுங்கள், வீட்டில் நாலு மணி நேரம் போட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் இதற்கான வழிமுறை.

காமிக்ஸ், சினிமா, கேம் ரசிகர்கள் கூடும் விழாதான் காமிக் கான். டெல்லியில் 2011-ல் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2024 பிப்ரவரியில் முதன்முதலாகச் சென்னைக்கு வந்தது. இடம், நந்தம்பாக்கம் வர்த்தக மையம். வேடம் போட்டுக்கொண்டு சும்மா சுற்றிவருவதற்கும் போட்டியில் பெயர் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சுற்றிவர வாடகை உடை போதும். போட்டி என்றால் நீங்களே எவ்வளவு செய்தீர்கள் என்ற கேள்வி வரும்.

முதலில் விதிமுறை, பிறகு கத்தரிக்கோல்

விதிமுறைப் பக்கத்தை அச்செடுத்து ஐந்து விஷயங்களை அடிக்கோடிடுங்கள்: எந்தப் பிரிவு, வயது வரம்பு, கடையில் வாங்கிய உடைக்கு இடமுண்டா, மேடையில் எத்தனை வினாடி, ஆயுதப் பொம்மைகளுக்கு என்ன கட்டுப்பாடு. பிரிவுகள் பெரும்பாலும் காமிக்ஸ், அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்), வீடியோ கேம், சினிமா-தொடர் என்று பிரியும். ஒரே கதாபாத்திரம் இரண்டு பிரிவில் பொருந்தும் என்றால், உங்களிடம் இருக்கும் படம் எதிலிருந்து எடுத்ததோ அந்தப் பிரிவிலேயே பதியுங்கள். அனிமே படத்தைக் காட்டி கேம் பிரிவில் நின்றால், நடுவர் ஒப்பிடும்போது நிறமும் வடிவமும் இடிக்கும்.

ஆயுத விதி எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உலோகக் கத்தி, கூர்முனை, நிஜத் துப்பாக்கி போலவே தெரியும் பொம்மை, தீ, புகை எதுவும் ஆகாது. வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டால் வேடம் பாதியாகிவிடும். ஃபோமில் செய்த வாளுக்கு உள்ளே பிவிசி குழாய் வைத்தால் பெரும்பாலும் விடுவார்கள், இரும்புக் கம்பி வைத்தால் சந்தேகம்தான்.

திரவம், மாவு, ஜிகினா உதிர்க்கும் வேடங்களுக்கும் தடை இருக்கும். இந்தத் தடைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1972-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், ஒருவர் உடம்பெல்லாம் வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு மேடையேறினார். அது கண்ட இடமெல்லாம் அப்பிக்கொண்டது, விளக்குச் சூட்டில் கெட்டுப்போகவும் தொடங்கியது. அதிலிருந்து 'வேர்க்கடலை வெண்ணெய் கூடாது' என்பதே பல போட்டிகளில் ஒரு விதியாகிவிட்டது.

எந்த வேடம்?

பிடித்த கதாபாத்திரம்தான், ஆனால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு மூன்றுக்கும் தெளிவான படம் இருக்கிறதா? போட்டுக்கொண்டு ஆட்டோவில் உட்கார முடியுமா? கழிவறைக்குப் போக எத்தனை பேர் உதவி தேவை?

முதல் தடவைக்கு, ஒரே ஒரு பொருள் கண்ணைப் பறித்து மீதி எளிதாக இருக்கிற வேடம் நல்லது. தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் நாயகன். கோட், பேன்ட் வீட்டிலேயே இருக்கும், உழைப்பு முழுவதையும் அந்த வலது கையில் கொட்டலாம். மூலக்கதை கறுப்பு வெள்ளைப் படக்கதை என்பதால் உலோகத்தின் சாயலை நீங்களே தீர்மானிக்கலாம். ஒரு சங்கடம், மாயாவியைத் தெரியாத நடுவர் அமைய வாய்ப்புண்டு. படப் பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோனால் தீர்ந்தது. பத்துப் பதினைந்து ஸ்பைடர்மேன்கள் நிற்கும் வரிசையில் இது தனியாகத் தெரியும் என்பது உபரி லாபம்.

அந்தக் கையைச் செய்வது

வேண்டியவை: 2 மி.மீ., 5 மி.மீ. ஈவிஏ ஃபோம் (மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் நுரை) ஷீட் ஒவ்வொன்று, இறுக்கமான கறுப்புத் துணிக் கையுறை, சூடான காற்றை ஊதும் ஹீட் கன், 18 மி.மீ. கட்டர், ரப்பர் பசை, மாஸ்கிங் டேப், சமையலறையில் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிம். யோகா பாயை வெட்டலாமா என்று கேட்பார்கள். அதில் வரிவரியாகக் கோடு இருக்கும், சூடு காட்டினால் சுருங்கும். பெயிண்டுக்குப் பிறகும் பாய், பாயாகவே தெரியும்.

அளவு எடுப்பதில்தான் பாதி வேலை. முன்கையில் பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பேனாவால் கவசத்தின் கோடுகளை அதன் மேலேயே வரையுங்கள். இரண்டு துண்டு எங்கே சேர வேண்டுமோ அங்கே குறுக்காகச் சின்னக் கோடு போட்டு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். பிறகு மழுங்கிய முனைக் கத்தரியால் வெட்டி எடுத்துத் தட்டையாக விரித்தால் அதுதான் மாதிரி. எண் போடாமல் வெட்டியவர்கள், எது எதோடு சேரும் என்று அரை நாள் விழிப்பார்கள்.

மாதிரியை அப்படியே ஃபோமில் பதித்தால் கவசம் கையில் ஏறாது. ஃபோம் வளையும்போது உள்பக்கம் நெருங்கிக்கொள்வதால் சுற்றளவு குறையும். கனத்தை 3.14-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், 5 மி.மீ. ஃபோமுக்கு ஏறக்குறைய 1.6 செ.மீ. வரும். சட்டைக்கும் கோட்டின் கைக்கும் இன்னொரு 1.5 செ.மீ. ஆக 24 செ.மீ. சுற்றளவுள்ள முன்கைக்கு 27 செ.மீ. நீளத்தில் வெட்ட வேண்டும்.

கட்டரை நிமிர்த்திப் பிடித்து, ஒரே இழுப்பில் வெட்டுங்கள். விளிம்பு எலி கடித்த மாதிரி வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். ஃபோம் பார்க்க மெத்தென்று இருந்தாலும் பிளேடைச் சீக்கிரம் தின்றுவிடும். சில அடி வெட்டியதும் நுனியை உடைத்துப் புதுமுனை எடுங்கள்.

விரல்களுக்கு 2 மி.மீ. ஃபோம். நாலு விரலுக்கு மும்மூன்று, கட்டைவிரலுக்கு இரண்டு, மொத்தம் 14 துண்டு. ஒவ்வொன்றும் விரலை முக்கால் வட்டம் சுற்றினால் போதும். உள்ளங்கைப் பக்கம் திறந்திருந்தால்தான் போனைப் பிடிக்க முடியும், நுழைவுச் சீட்டை நீட்ட முடியும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் விரல் மடங்காது.

ஒட்டுவதற்கு முன் துண்டுகளுக்குச் சூடு காட்டுங்கள். ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால், மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும். நுண்துளைகள் மூடிக்கொண்டதற்கு அடையாளம் அது. அந்தச் சூட்டிலேயே ஒரு மார்க்கர் பேனாவில் சுற்றிப் பிடித்து ஆறவிட்டால், வளைவு நிரந்தரமாக நிற்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கொப்புளம் வரும்; அந்தத் துண்டு போச்சு. சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ஃபோமை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதானால் முகக்கவசமும் வேண்டும்.

வெள்ளை ஃபெவிகால் இதற்கு ஆகாது. அது நீர் ஆவியாகிக் காய்வது. இரண்டு ஃபோமுக்கு நடுவே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. ரெக்ஸின் ஒட்டப் பயன்படும் ரப்பர் பசைதான் சரி. ஹார்டுவேர் கடையில் ஃபெவிகால் எஸ்ஆர் 998 என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத வரைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு சேர்த்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். சேர்த்துவிட்டால் நகர்த்த முடியாது, ஆகவே எண்களைப் பார்த்துச் சேருங்கள். ஃபெவிக்விக் அவசர ரிப்பேருக்கு மட்டும். காய்ந்தபின் கண்ணாடி போல் விறைத்து, மடங்கும் இடத்தில் உடையும்.

கையுறையைத் தட்டையாக மேசையில் வைத்து ஒட்டாதீர்கள். போடும்போது துணி விரியும், ஃபோம் விரியாது, துண்டுகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். உள்ளே மருத்துவமனையில் போடுவது போன்ற மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டு, அதன்மேல் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒட்டுங்கள். பசை ஊறினாலும் தோலில் படாது. ஒரு கையில் மாட்டி மறுகையால் ஒட்டுவது சிரமம், வீட்டில் ஒருவரைப் பிடித்து உட்கார வையுங்கள்.

இடைவெளி தெரியும் மூட்டுகளை அக்ரிலிக் சீலன்டால் நிரப்பி ஈர விரலால் வழித்துவிடுங்கள். கடையில் பெரும்பாலும் சிலிக்கோனை எடுத்து நீட்டுவார்கள். வாங்கிவிடாதீர்கள், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. ஆணித் தலை வேண்டுமா? ஆரி வேலைச் சாமான் கடையில் கிடைக்கும் தட்டையடி அரைமுத்தை வரிசையாக ஒட்டிப் பெயிண்ட் அடித்தால், அசல் ரிவெட் தோற்றுவிடும்.

பெயிண்டில் வரிசை முக்கியம். முதலில் கார் சக்கரத்துக்கு அடிக்கும் ரப்பர் ஸ்ப்ரே மூன்று பூச்சு. இது வளைந்து கொடுக்கும் அடித்தளம். பிறகு கறுப்பு, அதன்மேல் எஃகு நிறம். இனாமல் பெயிண்ட் வேண்டாம், விரல் மடக்கியதும் வெடிக்கும். எல்லாம் காய்ந்தபின் ஒரு பங்கு கறுப்பு அக்ரிலிக்கில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, உடனே துணியால் துடைத்தெடுங்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கி எண்ணெய்ப் பிசுக்கு மாதிரித் தெரியும். கடைசியாக, ஏறக்குறைய காய்ந்த பிரஷில் வெள்ளியைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து அரை மணி நேரம்தான் ஆகும், ஆனால் பொம்மைக் கை இரும்புக் கையாவது இங்கேதான்.

மற்றவை

கோட்டை உடம்புக்குப் பிடிக்கத் தையல்காரரிடம் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதைப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். விக் தேவைப்படும் வேடமென்றால் அடியில் வலைத்தொப்பி, நெற்றியோரம் நாலைந்து ஹேர்பின். சாதாரண செயற்கை முடியில் அயர்ன் வைத்தால் உருகிவிடும். உறையில் சூடு தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புது மேக்கப்பை 24 மணி நேரம் முன்பு முழங்கை மடிப்பில் தடவிச் சோதியுங்கள். கலர் லென்ஸ் போடுவதானால் கண் மருத்துவரைப் பார்த்து வாங்குங்கள். நண்பருடைய லென்ஸை மாற்றிப் போடுவது கண்ணோடு விளையாடுவது.

நடுவர் முன் மூன்று நிமிடம்

பல போட்டிகளில் மேடைக்கு முன்பே நடுவர்கள் வேடத்தை அருகில் வைத்துப் பார்ப்பார்கள். தையல் மடிப்பைத் திருப்புவார்கள், கவசத்தின் உள்பக்கத்தைக் கேட்பார்கள். உள்ளே பென்சில் கோடும் பசை வழிசலும் தெரிந்தால் மதிப்பெண் போகும். உள்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கறுப்பு அடியுங்கள். வெல்க்ரோவின் ஸ்டிக்கர் பசை வியர்வையில் கழலும், ரப்பர் பசை தடவியோ தைத்தோ பொருத்துங்கள்.

செய்யும்போதே படம் எடுத்து வையுங்கள். மாதிரி, வெட்டிய ஃபோம், ஒட்டியது, பெயிண்டுக்கு முன், பெயிண்டுக்குப் பின் என்று எட்டுப் பத்துப் படம் போதும். ஒரு மெல்லிய ஃபைலில் அச்செடுத்துக் கொடுங்கள். போனில் காட்டலாம் என்று நினைத்தால், கையுறையோடு திரை திறக்காது.

பேசவேண்டியதை முன்கூட்டியே சொல்லிப் பழகுங்கள். யார் இந்தப் பாத்திரம் என்று அரை நிமிடம், எப்படிச் செய்தேன் என்று ஒன்றரை நிமிடம், மீதி அவர்கள் கேள்விக்கு. 'ரொம்பக் கஷ்டப்பட்டேன்' என்பதைவிட 'கட்டைவிரல் துண்டை மூன்று தடவை மாற்றி வெட்டினேன், ஏனென்றால் மடங்கும்போது இடித்தது' என்பது எடுபடும். வாங்கியதைச் செய்ததாகச் சொல்லாதீர்கள். 3டி பிரின்டில் எடுத்திருந்தால், கோப்பு யார் வடிவமைத்தது, தேய்த்துப் பெயிண்ட் அடித்தது யார் என்று பிரித்துச் சொல்லுங்கள். நடுவர்களும் வேடம் கட்டிக் கை புண்ணானவர்கள்தான், கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேடை

முப்பது வினாடி கொடுத்தால் மூன்று நிலை போதும்: நடுவில் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, முதுகு காட்டி ஒன்று. ஒவ்வொன்றிலும் மனதுக்குள் நாலு எண்ணுங்கள், படம் எடுப்பவர்களுக்கு அந்த நேரம் வேண்டும். மாயாவியின் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் காட்சியைச் செய்ய ஆசை வரும். கறுப்பு உடை போட்டால் மறைந்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பின்னால் எல்ஈடி திரை இருந்தால் கறுப்பு உருவம் இன்னும் பளிச்சென்று தெரியும். மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு உதறல், உடனே கறுப்புப் போர்வையை இழுத்து மூடி, இரும்புக் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நகருங்கள். கூட்டம் புரிந்துகொள்ளும். இசையை எம்பி3 கோப்பாக, முதல் வினாடியிலேயே சத்தம் தொடங்குமாறு வெட்டிக் கொடுங்கள்.

அன்றைய பை

ரப்பர் பசை சின்ன டப்பா, ஃபெவிக்விக், கறுப்பு டேப், ஊக்கு பத்து, ஊசி நூல், டச்-அப் பெயிண்ட், ஈரத் துணி, வேர்க்காத பவுடர், உதட்டுச் சாயம் கலையாமல் குடிக்க ஸ்ட்ரா, தண்ணீர். கூடவே ஒரு ஆள், இது கட்டாயம். தலைக்கவசம் போட்டவருக்குப் படிக்கட்டு தெரியாது, கையில் கவசம் போட்டவருக்குத் தண்ணீர் மூடி திறக்காது. குழந்தைகள் ஓடிவந்து இழுப்பார்கள், அனுமதி கேட்காமல் தொடுகிறவர்களும் இருப்பார்கள். உங்களுக்குப் பதில் அவர்களிடம் பேச வேண்டியது கூட வந்த ஆள்தான்.

வீடு திரும்பியதும் அசதியில் எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்துக் கட்டிவிடாதீர்கள். வியர்வை ஈரத்தோடு மூடி வைத்த கையுறையில் பூஞ்சை பிடிக்கும், மடங்கிக் கிடந்த ஃபோம் அப்படியே கோணிக்கொள்ளும். உள்பக்கத்தைத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்து, விரல்களுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டி நுழைத்து, அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். அடுத்த போட்டிக்கு முன்பு திறந்து மூட்டுகளை மட்டும் ஒருமுறை மடக்கிப் பாருங்கள், முதலில் விடுவது கட்டைவிரல் அடிப்பக்கம்தான்.