மர்ம மரணச் செய்தியை ஆவணங்களின் வழியே படிப்பது எப்படி: சுனந்தா புஷ்கர் வழக்கை முன்வைத்து ஒரு வழிகாட்டி

செல்வாக்குள்ள ஒருவர் திடீரென இறந்துபோனால், கொலையாளி யார் என்று மறுநாள் காலைக்குள் ஊரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு வழக்கைத் தாமே படித்தறிய விரும்புகிறவர், முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி, ஆவணம், அதை எழுதியவர், அதில் கண்ட சட்டப்பிரிவு என நான்கு கட்டங்களாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஆவணமாக இல்லாத எதையும் அந்தத் தாளில் எழுதக் கூடாது. வதந்திகளுக்கும் பின்னணிச் செய்திகளுக்கும் வேறொரு தாள் இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, சுனந்தா புஷ்கர் வழக்கைப் பார்ப்போம். தொழில்முனைவோராகவும் தில்லி, துபாய் மேல்தட்டு விருந்துகளில் அறிமுகமான முகமாகவும் இருந்த அவர், அப்போது மத்திய இணையமைச்சராக இருந்த சசி தரூரின் மனைவி. வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்ததால் இருவரும் சாணக்கியபுரி லீலா பேலஸ் ஓட்டலில் தங்கியிருந்தனர். அங்கே 345-ஆம் எண் அறையில், 2014 ஜனவரி 17 அன்று இரவு, 51 வயதான சுனந்தா இறந்துகிடந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு ட்விட்டரில் நடந்த பகிரங்கச் சச்சரவும், 2010-இல் தரூரின் அமைச்சர் பதவியைப் பறித்த கொச்சி ஐ.பி.எல். அணிப் பங்கு விவகாரமும் இரண்டாம் தாளுக்கு உரியவை. அவை முதல் தாளில் ஏறிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு ஆவணத்தையும் அவற்றின் நிறத்திலேயே வாசிக்கத் தொடங்கிவிடுவோம்.

முதல் தாளின் முதல் வரி, கோட்ட நடுவர் நடத்திய பிரேத விசாரணை. இருவருக்கும் 2010 ஆகஸ்டில் திருமணமானது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தால் இந்த விசாரணை நடைபெறும் என்பதால், அமைச்சர் வீடும் அதற்கு விலக்கன்று. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் "ஆர்.டி.ஓ. விசாரணைக்கு உத்தரவு" என்று அடிக்கடி காணும் அதே நடைமுறைதான் இது. கணவர் மீது ஐயம் எழுந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக இதைக் கொள்வது, செய்தி வாசிப்போர் செய்யும் முதல் பிழை.

அடுத்தது உடற்கூறாய்வு அறிக்கை. அதிகப் பொறுமை தேவைப்படுவது இங்கேதான். எய்ம்ஸ் மருத்துவமனையில் மறுநாளே ஆய்வு நடந்தது. "திடீரென நேர்ந்த, இயற்கைக்கு மாறான மரணம்" என்று மருத்துவர்கள் முதலில் தெரிவித்தனர். இச்சொல்லைக் கேட்டவுடன் கொலை என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. விபத்து, தற்கொலை, கொலை ஆகிய மூன்றுமே இயற்கைக்கு மாறான மரணத்தில் அடங்கும். ஆகவே எந்த மருத்துவ அறிக்கையைப் படித்தாலும், எதனால் இறந்தார், அது எவ்வகையில் நேர்ந்தது, யார் செய்தது என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதல் கேள்விக்கு விடை தேடுகிறார். இரண்டாவதற்கு ஓரளவு உதவுகிறார். மூன்றாவது அவர் வேலையே அன்று.

நஞ்சு என்ற ஐயம் எழுந்தால், இரைப்பையும் குடலின் ஒரு பகுதியும் ஈரல், சிறுநீரகத் துண்டுகளும் கண்ணாடிச் சாடிகளில் இடப்பட்டு, அரக்கு முத்திரையுடன் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றன. சாடியில் ஊற்றுவது பெரும்பாலும் செறிவான உப்புக் கரைசல்தான்; ஃபார்மலின் ஊற்றினால் பல நஞ்சுகளைக் கண்டறிவது கடினமாகிவிடும். சில நஞ்சுகள் உடலிலேயே சிதைந்துவிடுவதால், "நஞ்சு கிடைக்கவில்லை" என்ற ஆய்வக முடிவு "நஞ்சு கொடுக்கப்படவில்லை" என்பதற்குச் சமமாகாது. அதுபோலவே, நஞ்சால் இறந்தார் என்ற கருத்தும் அதை யாரோ கொடுத்தார்கள் என்பதற்குச் சமமாகாது. சுனந்தா நஞ்சால் இறந்தார் என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு கருதியது. ஆனால் 2015-இல் மாதிரிகள் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஆய்வகம் வரை சென்றும், பொலோனியம் போன்ற கதிரியக்கப் பொருள் பற்றிய வதந்தி அடங்கியதே தவிர, இரண்டாம் கேள்விக்கு உறுதியான விடை வரவில்லை.

மூன்றாவதாக, சட்டப்பிரிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 2015 ஜனவரி 1 அன்று தில்லி காவல்துறை பதிந்த முதல் தகவல் அறிக்கையில், அடையாளம் தெரியாத நபர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 302, அதாவது கொலை, என்றிருந்தது. 2018 மே மாதம் தரூர் மீது தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகையிலோ 306, 498-ஏ என்றிருந்தது. முன்னது தற்கொலைக்குத் தூண்டியது, பின்னது மனைவியைக் கொடுமைப்படுத்தியது. ஒருவர் கொலை செய்யப்பட்டிருந்தால் அவர் தற்கொலை செய்திருக்க முடியாது. மூன்றரை ஆண்டு விசாரணைக்குப் பின் காவல்துறையின் கதையே வேறாகிவிட்டதை இந்த இரண்டு வரிகள் காட்டுவதுபோல் எந்தத் தொலைக்காட்சி விவாதமும் காட்டவில்லை என்பது என் எண்ணம். இடையில் அந்த ஓட்டல் அறையும் முத்திரையிடப்பட்டே கிடந்தது. நிர்வாகம் நீதிமன்றத்தை நாடி அதைத் திரும்பப் பெற 2017 அக்டோபர் ஆனது. ஜூலை 2024 முதல் நேரும் நிகழ்வுகளுக்கு, 302, 306, 498-ஏ ஆகியவற்றுக்குப் பதிலாக, புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையே 103, 108, 85 ஆகிய பிரிவுகளைத் தேட வேண்டும்.

தீர்ப்புச் செய்தியைப் படிக்கும்போது, விடுதலை, விடுவிப்பு என்ற இரு சொற்களில் எது பொருந்தும் என்று கவனியுங்கள். நம் நாளேடுகள் இரண்டையும் கலந்தே எழுதுகின்றன. சாட்சிகளை விசாரித்து முடித்தபின் குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் அது விடுதலை. விசாரணையைத் தொடங்கக்கூடப் போதிய சான்று இல்லை என்று, குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலேயே முடித்துவைத்தால் அது விடுவிப்பு. 2021 ஆகஸ்ட் 18 அன்று சிறப்பு நீதிபதி கீதாஞ்சலி கோயல் தரூரை விடுவித்தார். தொடக்கம் முதலே குற்றச்சாட்டை மறுத்துவந்த அவர் மீது சாட்சி விசாரணை நடக்கவே இல்லை என்பதால், "சாட்சிகள் பிறழ்ந்ததால் தப்பினார்" என்ற பேச்சுக்கு இந்த வழக்கில் இடமே இல்லை.

இரண்டாம் தாளையும் கிழித்தெறிய வேண்டாம்; வழக்கைச் சுற்றி எழுந்த ஆரவாரத்தின் வரலாறு அதில் இருக்கிறது. சிறப்புப் புலனாய்வு கோரி சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த பொதுநல மனுவை, அது அரசியல் நல வழக்கு என்று சொல்லி 2017 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு எதிராகத் தரூர் தொடுத்த வழக்கில், அவர் மௌனம் காக்கும் உரிமையை மதிக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம் கூறியது. இவை நீதிமன்ற உத்தரவுகளாதலால், தேதியுடன் முதல் தாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விடுவிப்பை எதிர்த்துக் காவல்துறை உயர் நீதிமன்றத்துக்குப் போனது ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2022 டிசம்பரில் கவனத்துக்கு வந்தது. அந்த வரிக்குக் கீழே சற்று இடம் விட்டுவையுங்கள்; தில்லி உயர் நீதிமன்ற இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரை இட்டுத் தேடினால், அங்கே எழுத வேண்டியது உத்தரவின் வாசகமாகவே கிடைக்கும்.