நட்ஸ் திரும்பப் பெறப்படும்போது: குப்பையில் போடுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட், வேர்க்கடலை, இவற்றை அரைத்துச் செய்யும் பட்டர் வகைகள் எதிலாவது பாக்டீரியா கலந்திருப்பதாகச் சொல்லி, நிறுவனம் அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பயந்துபோய் உடனே குப்பையிலும் போடாதீர்கள். முதல் வேலை, அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் படிப்பது.

அறிவிப்பில் பொருளின் பெயர், எடை, பார்கோடு எண், லாட் எண் (சில பாக்கெட்டுகளில் பேட்ச் எண் என்று இருக்கும்), காலாவதித் தேதி ஆகியவை இருக்கும். பார்கோடு ஒத்துப்போனால் மட்டும் எதுவும் உறுதியாகாது. அதே பெயரில், அதே எடையில் வரும் எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் பார்கோடு ஒன்றுதான். எந்த நாளில், எந்த ஆலையில் தயாரானது என்பதை லாட் எண்தான் காட்டும்.

ஓர் உண்மையான அறிவிப்பை வைத்தே பார்க்கலாம். 2022 மே 20 அன்று அமெரிக்காவில் ஜிஃப் என்ற பிராண்டின் பீனட் பட்டர், சால்மோனெல்லா என்ற பாக்டீரியா காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. அறிவித்த லாட் எண்கள் 1274425 முதல் 2140425 வரை. அவற்றிலும் 425 என்று முடிபவை மட்டும். முதல் இலக்கம் ஆண்டு: 1 என்றால் 2021, 2 என்றால் 2022. அடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 274 என்றால் அக்டோபர் 1. 140 என்றால் மே 20. கடைசி 425 ஆலையின் குறி. ஆக, ஒரு பாட்டிலில் 2033425 என்று இருந்தால் அது 2022 பிப்ரவரி 2-இல் அந்த ஆலையில் தயாரானது, பட்டியலில் அடங்கும். 2033-க்குப் பிறகு வேறு மூன்று இலக்கங்கள் இருந்தால் அடங்காது. எல்லா நிறுவனமும் இதே முறையில் எண் போடுவதில்லை. ஆனால் ஆண்டு, நாள், ஆலை என்ற மூன்றும் ஏதாவது ஒரு வரிசையில் பெரும்பாலும் இருக்கும்.

எண் பாட்டிலின் தோளிலோ அடியிலோ, பாக்கெட்டின் ஒட்டிய ஓரத்திலோ புள்ளிப் புள்ளியாக அச்சாகியிருக்கும். எண்ணெய்க் கை பட்டால் அழியும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். தெரிந்ததும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கேட்க அது உதவும்.

பாக்கெட்டைக் கிழித்து டப்பாவில் கொட்டியிருந்தால்தான் சிக்கல். டப்பாவில் எண் கிடையாது. பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டியிருந்தால் இரண்டும் கலந்துவிட்டன. அறிவிப்பில் சொன்ன காலத்தில் வாங்கிய அதே பொருள் அதில் இருக்கலாம் என்று தோன்றினால் டப்பா முழுவதையும் கழித்துவிடுங்கள். மேலே இருப்பதை அள்ளிவிட்டு அடியில் இருப்பதைக் காப்பாற்ற முடியாது. சில்லறையாக அள்ளி எடை போட்டு வாங்கியதற்கும் இதே விதிதான்: 2024-இல் அமெரிக்காவில் ஈ.கோலை O157:H7 கிருமியோடு விற்ற வால்நட் கடைகளின் திறந்த பெட்டிகளிலிருந்துதான் போனது. ரசீதில் உள்ள தேதியைச் சொல்லிக் கடையில் கேளுங்கள்.

அதே நட்ஸைப் போட்டு வீட்டில் செய்த பிஸ்கட், பொடி, சாஸ் எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள், ஃப்ரீசரில் இருப்பதையும். குளிரில் சால்மோனெல்லா சாவதில்லை, பெருகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். கடையில் வாங்கிய சாக்லேட், சாண்ட்விச் வகைகளும் பின்னாலேயே பட்டியலில் வரக்கூடும். 2009-இல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற ஒரே நிறுவனத்தின் வேர்க்கடலையால் 3,900-க்கும் மேற்பட்ட பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. 714 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். எனவே முதல் அறிவிப்போடு விட்டுவிடாமல் அடுத்த சில வாரங்களுக்குப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

"வறுத்துவிட்டால் சரியாகிவிடாதா?" என்று பலரும் கேட்பார்கள். ஆகாது. நட்ஸில் ஈரம் மிகக் குறைவு, அதனால் கிருமி அதில் பெருகாது. ஆனால் அந்த வறண்ட நிலையிலேயே அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலர்ந்த கிருமி சூட்டையும் அதிகம் தாங்கும். கோழிக்கறியில் சில நொடிகளில் சால்மோனெல்லாவைக் கொல்லும் வெப்பம் உலர்ந்த பாதாமில் போதாது. ஆலையில் பாதாமை 127 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் 2 நிமிடம் வறுத்தால் கிருமிகள் லட்சத்தில் ஒன்றாகக் குறையும். அங்கே எண்ணெயின் சூட்டை நொடிக்கு நொடி கருவி அளக்கிறது. வீட்டு வாணலியில் ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கழுவுவது அதைவிட மோசம்: கிருமி போகாது, அதற்குத் தேவையான ஈரம்தான் கிடைக்கும், சிங்க்கிலும் பரவும். முகர்ந்தோ ருசித்தோ கண்டுபிடிக்கவும் முடியாது. சால்மோனெல்லாவுக்கு வாசமும் இல்லை, சுவையும் இல்லை. நட்ஸிலுள்ள கொழுப்பு வயிற்று அமிலத்திலிருந்து கிருமியை மறைத்துக் காப்பாற்றுவதால், மிகச் சிறிய அளவே நோய் தரப் போதும்.

வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்றால் மட்டும் மிச்சத்தைக் கழிக்காதீர்கள். பாக்கெட்டோடு சேர்த்து ஒரு பையில் இறுகக் கட்டி, மேலே "சாப்பிடக் கூடாது" என்று எழுதி ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். சுகாதாரத் துறை பரிசோதனைக்குக் கேட்கலாம். மற்றவர்கள் இரண்டு பைகளில் கட்டி, நாய், பூனை, பறவை எதுவும் கிளற முடியாத மூடிய தொட்டியில் போடுங்கள்.

பிறகு சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. அதனால் முதலில் சோப்பும் சுடுநீரும் போட்டு டப்பா, கரண்டி, அலமாரித் தட்டு எல்லாவற்றையும் பிசுக்குப் போகத் தேய்க்கவும். அதன் பின் வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் 1 டேபிள்ஸ்பூனை (15 மி.லி.) சுமார் 4 லிட்டர் தண்ணீரில் கலந்து, அந்தக் கலவையால் நனைத்து, துடைக்காமல் காற்றில் உலரவிடவும். பிளீச்சோடு வினிகரையோ மற்ற கிளீனரையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். அலுமினியப் பாத்திரத்துக்கு பிளீச் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவிக் கொதிநீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள் இரண்டு: டப்பா மூடியின் ரப்பர் வளையம், மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் உள்ள வாஷர். இரண்டையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். வெடிப்பு விட்ட மரக்கரண்டியைத் தூக்கி எறிவதே நல்லது. கடைசியாகக் கையை சோப்பு போட்டு 20 நொடி கழுவுங்கள்.

சாப்பிட்டுவிட்டீர்கள், ஆனால் நலமாக இருக்கிறீர்கள் என்றால் மருந்து தேவையில்லை, கவனித்துக்கொண்டால் போதும். சால்மோனெல்லா அறிகுறிகள் 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் தெரியும்: வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுப் பிடிப்பு. ஈ.கோலை O157:H7 பெரும்பாலும் மூன்று, நான்கு நாட்களில் தெரியும். லிஸ்டீரியா என்ற இன்னொரு பாக்டீரியாவின் அறிகுறிகள் பல வாரங்கள் கழித்தும் வரும். கர்ப்பிணிகள் காய்ச்சல் அல்லது உடல் வலி வந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும், ஏனெனில் தாய்க்கு லேசாகத் தோன்றும் நோய் கருவைக் கொல்லக்கூடும். 38.9 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மலத்தில் இரத்தம், மூன்று நாளுக்கு மேல் நீளும் வயிற்றுப்போக்கு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மலத்தில் இரத்தம் போகும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடவே கூடாது. ஈ.கோலை தொற்றில் அது சிறுநீரகப் பாதிப்புக்கான ஆபத்தைக் கூட்டும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு. "திரும்பப் பெறப்பட்ட இந்த நட்ஸைச் சாப்பிட்டேன்" என்று மருத்துவரிடம் சொல்லி லாட் எண்ணின் போட்டோவைக் காட்டுங்கள். எந்த மலப் பரிசோதனை தேவை என்பதை அவர் அதை வைத்து முடிவு செய்வார்.

அடுத்த முறை பாக்கெட்டைப் பிரிக்கும்போது லாட் எண்ணும் தேதியும் உள்ள துண்டை மட்டும் கத்தரித்து, டப்பாவின் வெளிப்புறத்தில் செலோ டேப்பால் ஒட்டிவையுங்கள். டப்பா காலியாகிக் கழுவிக் காய்ந்த பிறகே புதிய பாக்கெட்டைக் கொட்டுங்கள்; அப்போது பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். நட்ஸை ஊறவைத்து அரைப்பவர்கள் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊறவையுங்கள். இரவெல்லாம் வெளியில் ஊறும் பாத்திரத்தில், அதுவரை உறங்கிக் கிடந்த கிருமிக்கு ஈரமும் வெதுவெதுப்பும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன.