ஸ்பினெட்டில் ஒரு சுரம் மறுபடி ஒலிக்காவிட்டால்

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஹிட்ச்காக் குடும்பத்தார் செய்த ஸ்பினெட்டின் (தந்திகளை முள்ளால் மீட்டி ஒலிக்கும் சிறு விசைப்பலகைக் கருவி) கைவினை நகல். நடுவில் ஒரு சுரம் முதல் அழுத்தலில் ஒலித்தது, அடுத்ததில் ஊமை. ஜாக் (கட்டையை அழுத்தினால் மேலெழும் மெல்லிய மரத்துண்டு) முழுதாக இறங்காமல், அதன் டெல்ரின் பிளாஸ்டிக் முள் தந்தியின் மேலேயே தங்கிவிட்டது.

முள்ளில் உடனே கத்தி வைக்கக் கூடாது. செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் ஜாக் தன் எடையிலேயே துளைக்குள் விழுகிறதா என்று பார்த்தேன். ஈரக்காற்றில் மரம் உப்பியிருந்தால், உரசிப் பளபளக்கும் இடத்தை மட்டும் சுரண்டினால் போதும். இங்கே அது சரியாக இருந்தது. தந்தியின் ஒலியை அடக்கும் டாம்பர் துணி தாழ்ந்திருந்தாலும், முள் தந்தியைக் கடக்கும் முன்பே ஜாக்கைத் தாங்கிவிடும். அதை அரை மில்லிமீட்டர் உயர்த்தினேன். ஜாக்கில் முள்ளைத் தாங்கி முன்பின் அசையும் நாக்கின் பின்னுள்ள பன்றிமயிர் வில் விறைப்பாக இருந்தால் நாக்கு பின்வாங்காது, தளர்ந்தால் முன்னே திரும்பாது. அதிலும் குறையில்லை.

உண்மைக் காரணம் முள்ளின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்ததுதான். கூர்மையான ஸ்கால்பெல்லால் அடிப்புறத்தை மட்டும் 45 பாகைச் சாய்வில் சீவினேன். மேல்விளிம்பைத் தொட்டால் ஒலி மெலிந்துவிடும். சாய்வு இருந்தால் இறங்கும் முள் தந்தியில் வழுக்கி, நாக்கைப் பின்னால் தள்ளிக் கடந்துவிடுகிறது. சோதிக்கும்போது கட்டையை மிக மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் இந்தக் குறை தெரியவே தெரியாது.